ஆட்டமில்லாத மாதங்களில் ஜெயிக்கும் அணி

2025 நவம்பர் 18ஆம் திகதி கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தாய்லாந்து இலங்கையை 4–0 என்று தோற்கடித்தது. 2027 ஆசியக் கிண்ணத்துக்குப் போகும் கணக்கில் மிச்சமிருந்த இழையும் அத்தோடு அறுந்தது. துக்கம் அதிக நாள் நிற்கவில்லை. "தாய்லாந்து பெரிய டீம் அண்ணே, அவனுங்கள விடுங்க. அடுத்த சாஃப் கப் நமக்குத்தான்" என்று தெற்காசியக் கிண்ணத்தைக் குறிவைக்கும் பேச்சு மலையகத்தின் வட்டகொடை ஸ்டேஷன் வரைக்கும் ஏறி வந்துவிட்டது. இங்கே இலங்கை அணிக்காக வரிந்துகட்டுகிறவர்கள், கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வேலைக்குப் போய்ப் பண்டிகைக்கு ரயிலேறி வரும் தோட்டத்துப் பையன்கள். உலகக் கிண்ணம் வந்தால் பிரேசில், ஆர்ஜென்டினா என்று லயத்துக்கு லயம் கொடி கட்டிய அண்ணன்மாரின் தம்பிகள். சொந்த நாட்டு அணியைப் பற்றி அவர்கள் இவ்வளவு பேசுவதே புதிது. அதனால் அந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ளாமல் நிறுத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ஐரோப்பியக் கழகமொன்றின் ரசிகனுக்கு ஆட்டமில்லாத காலம் வருஷத்தில் இரண்டு, இரண்டரை மாதம். தேசிய அணியின் ரசிகனுக்கு வருஷத்தில் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது. மார்ச், ஜூன், செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர் என்று பீஃபா ஒதுக்கித் தரும் சில நாட்களில் அணி கூடும், ஆடும், கலையும். மற்ற நாட்களில் ரசிகன் கையில் இருப்பவை பெயர்களும் துண்டு வீடியோக்களும்தான். அந்த மாதங்களில் எந்த முன்கள வீரனும் வெறும் வலைக்கு முன்னால் பந்தை மேலே அடிப்பதில்லை. எந்தக் கோல் காப்பாளரும் கையிலிருந்து நழுவவிடுவதில்லை. ஜேர்மனியில் ஒருவன் நன்றாக ஆடினான் என்ற செய்தி நமக்குக் கிடைத்த வெற்றி ஆகிவிடுகிறது. நம்பிக்கை செழிக்க இதைவிட வசதியான தட்பவெப்பம் கிடையாது. ஆனால் வசதியாக வளர்ந்தது என்பதற்காக அது பொய்யென்று ஆகிவிடாது. சான்று இருக்கிறதா என்பதே கேள்வி.

சான்று இருக்கிறது. ஒரே எதிரணியை வைத்து அளப்பதுதான் நேர்மையான அளவு. இலங்கைக்கு அப்படியொரு எதிரணி துருக்மெனிஸ்தான். 2019இல், 2022 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், இலங்கை அவர்களிடம் கொழும்பிலும் 0–2, அங்கே போயும் 0–2. அந்தச் சுற்றில் தென் கொரியா 8 கோலும் பிறகு 5 கோலும் போட்டது. வட கொரியா விலகியபின் கணக்கில் நின்ற 6 ஆட்டங்களில் இலங்கை அடித்தது 2, வாங்கியது 23, புள்ளி பூச்சியம். ஆறு வருஷம் கழித்து, 2025 ஒக்டோபரில், அதே துருக்மெனிஸ்தானைக் கொழும்பில் 1–0 என்று வென்றது. திரும்ப அங்கே போனபோது 1–2 என்றுதான் தோற்றது. அந்த வருஷம் ஜூனில் சீன தைபேயை 3–1 என்று வென்றிருந்தது. மார்ச்சில் தாய்லாந்தின் மண்ணில் தாய்லாந்திடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. 2025 முடியும்போது ஆசியத் தகுதிச் சுற்றில் 5 ஆட்டம், 2 வெற்றி, அடித்தது 5, வாங்கியது 8. பீஃபா தரவரிசையில் 207ஆம் இடம்வரை சறுக்கியிருந்த அணி இது. நவம்பரில் வாங்கிய நாலு கோலை மட்டும் பிடித்துக்கொண்டு "பழைய குருடி கதவைத் திறடி" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

இந்தச் சுற்றுக்குள் நுழைந்ததே சுலபமாக நடக்கவில்லை. 2024 செப்டெம்பரில் கம்போடியாவோடு முன்சுற்று. புனோம் பென்னில் 0–0. கொழும்பில் மேலதிக நேரமும் முடிந்து 2–2. கடைசியில் பெனல்டியில் 4–2. முன்பிருந்த அணி அந்த நேரத்தில் கால் நடுங்கியிருக்கும். ஆக, மைதானத்தில் நிற்கும் பதினொரு பேரைப் பொறுத்தவரை தம்பிமாரின் கட்சி வலுவானது. இதை நான் தயக்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

என் தயக்கம் வரலாற்றிலிருந்து தொடங்குகிறது. இலங்கை உதைபந்தாட்டத்தில் விடிவெள்ளி பலமுறை முளைத்திருக்கிறது, விடிந்ததுதான் இல்லை. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியில் இந்தியாவை 1–0 என்று வென்றோம்; அதற்குப் பிறகு அந்தப் பட்டம் திரும்பவில்லை. 2006இல் ஆசிய சவால் கிண்ணத்தில் இறுதிவரை போய் தஜிகிஸ்தானிடம் 0–4 தோற்றோம். அதன்மேல் எதுவும் கட்டப்படவில்லை. 2015 மார்ச்சில் பூட்டான் கொழும்புக்கு வந்தது. அப்போது பீஃபா பட்டியலின் கடைசி நாடு அது, 209ஆம் இடம். வந்தவர்கள் 1–0 என்று வென்று, திம்புவில் 2–1 என்று மறுபடியும் வென்று, நம்மை உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 2021 ஜூனில் பெர்லினில் பிறந்த வசீம் ராசீக் லெபனானுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். 2–3 என்று தோற்றபோதும் நாடு எழுந்து உட்கார்ந்தது. அதே வருஷம் நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் போட்டியின் இறுதியில் சீஷெல்ஸோடு 3–3 வரை வந்து பெனல்டியில் கிண்ணத்தை விட்டோம். ஒவ்வொரு முறையும் ரசிகன் சொன்னது இன்று வட்டகொடையில் கேட்கும் அதே வாக்கியம்தான்.

அப்படியானால் இந்த முறை எது வேறு? ரசிகனின் பதில்: ஆட்கள் வேறு. உண்மை. 2021இல் ஒரு வசீம் ராசீக்கைச் சுற்றி நின்ற நம்பிக்கை, இப்போது அணியின் பெரும்பகுதிக்கும் பரவியிருக்கிறது. லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா, ஜேர்மனியின் டைனமோ டிரெஸ்டன் கழகத்தில் ஆடிய குளோடியோ கம்மர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவில் நீண்ட காலம் ஆடிய ஜாக் ஹிங்கர்ட், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன், ஜேர்மனியில் வளர்ந்த பரத் சுரேஷ். பயிற்றுநர் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல்முதைரி. 2021இல் நேபாளத்தை சாஃப் இறுதிவரை கொண்டுபோனவர். இது யோசித்துச் சேர்த்த கூட்டம், தற்செயலாக அமைந்ததல்ல.

இந்த இடத்தில் கொழும்புப் பக்கம் சிலர் எழுப்பும் ஒரு குறையை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்: "இவர்கள் நம் நாட்டுக்காரர்களா?" மலையகத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு நா எழாது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவரிடம் பீஃபா விதி கேட்பது ஆடப்போகும் நாட்டின் குடியுரிமையையும், அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி ஆகியோரில் ஒருவராவது அந்த மண்ணில் பிறந்திருப்பதையும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களிடம் கேட்டது அதைவிடக் கடுமையானது: இங்கேயே பிறந்தவனாக இருந்தாலும் தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு. காகிதம் இல்லாத கொழுந்துக்காரிகள் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைகளை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். மிச்சக் கணக்கு 2003ஆம் வருஷச் சட்டத்தில்தான் தீர்ந்தது. ஸ்டொக்ஹோமிலோ டோர்ட்முண்டிலோ பந்து பழகிய ஒரு தமிழ்ப் பையனுக்கு இந்த நாட்டின் சட்டை பொருந்தாது என்று சொல்லும் வாய் எங்களுடையதாக இருக்கக் கூடாது. பிறந்த இடம் இங்கே பிரச்சினையே இல்லை.

பிரச்சினை அவர்களை உருவாக்கியது யார் என்பது. தலவாக்கலையில், சென்ட் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்வதென்றால் உடனே கன்று வைக்காதே என்பது அங்கே படித்தவர்கள் சொல்லும் முறை. மண்ணில் ஒன்றரை, இரண்டு வருஷம் மானாப் புல்லோ குவாட்டமாலாப் புல்லோ வளர்த்து, மண் தேறியபின் கன்று நட்டு, அதற்குப் பிறகும் சில வருஷம் பொறுத்துத்தான் கொழுந்துக்குக் கை வைக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் பல தொழிற்சாலைகள் வெளியிலிருந்து கொழுந்து வாங்கியே தூள் அடிக்கின்றன. கொழும்பு ஏலத்தில் அந்தத் தூளுக்கு நல்ல விலையும் கிடைக்கிறது. அது திருட்டுமல்ல, இழிவுமல்ல. ஆனால் அந்தத் தூளைப் பார்த்து "எங்கள் மலை செழித்துவிட்டது" என்று யாரும் சொல்வதில்லை. இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனம் இப்போது செய்வது இரண்டாவது வேலை. ரசிகன் அதை மறுநடுகை என்று நினைத்துக்கொள்கிறான். அவன் கணக்கு தவறுவது இங்கேதான்.

வாங்கிய கொழுந்தால் எவ்வளவு தூரம் போகலாம்? தாய்லாந்திடம் நாம் தோற்ற அதே நவம்பர் 18ஆம் திகதி, குராசாவ் என்ற கரிபியன் தீவு ஜமெய்க்காவோடு 0–0 என்று சமன்செய்து 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. சனத்தொகை ஒன்றரை இலட்சம் சொச்சம். நுவரெலியா மாவட்டத்தில் இருப்பவர்களில் கால்பங்குகூட இல்லை. அணியில் ஏறக்குறைய எல்லோரும் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். தம்பிமார் இந்த உதாரணத்தை ஆவலோடு காட்டுவார்கள். காட்டட்டும். ஆனால் குராசாவ் நெதர்லாந்து இராச்சியத்தின் ஒரு பகுதி. வீரர்களுக்குக் கடவுச்சீட்டுத் தொல்லை இல்லை. அவர்கள் பழகியது உலகின் சிறந்த பயிற்சிக் கூடங்கள் சிலவற்றில். நம்முடைய வெளிநாட்டு வீரர்களில் பெரும்பாலோர் ஆடுவது கீழ்ப் பிரிவுகளில்.

நமக்கு நெருக்கமான உதாரணம் பிலிப்பைன்ஸ். 2010 டிசம்பரில் ஹனோயில் வியட்நாமை 2–0 என்று வென்ற அந்த அணியில் யங்ஹஸ்பண்ட் சகோதரர்களைப் போல இங்கிலாந்தில் பழகியவர்கள் இருந்தார்கள். 2019இல் முதன்முறையாக ஆசியக் கிண்ணம் கண்டார்கள். அங்கே ஆடிய மூன்றிலும் தோல்வி. அடுத்த ஆசியக் கிண்ணத்துக்கு வழியில்லை. இந்தோனேசியா நெதர்லாந்திலிருந்து ஓர் அணியையே திரட்டி, 2025 ஒக்டோபரில் சவூதியிடம் 2–3, ஈராக்கிடம் 0–1 என்று தோற்று உலகக் கிண்ணக் கதவடியில் நின்றுவிட்டது. அவர்களிடமாவது நிரம்பி வழியும் மைதானங்களும் உள்ளூர் லீக்கும் இருக்கின்றன. மலேசியாவோ வெளிநாட்டில் பிறந்த 7 வீரர்களின் ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று 2025 செப்டெம்பரில் பீஃபாவின் தண்டனைக்கு ஆளானது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தெரிவது: இந்த வழியில் ஓர் அணி 200ஆம் இடத்திலிருந்து 150க்கு ஏறலாம், அதுவும் விரைவாக. அதற்கு மேல் ஏற, பின்னால் ஒரு லீக் வேண்டும்.

நம் லீக்கின் கதை சுருக்கமானது. 2021இல் சூப்பர் லீக் என்று பத்து அணிகளோடு பெரிய எடுப்பில் ஒன்று தொடங்கியது. களுத்துறை புளூ ஸ்டார் பட்டம் வென்றது. அந்தப் பத்தில் நமக்குப் பக்கத்து நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸும் ஒன்று. வட்டகொடையில் ரயில் ஏறினால் தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் தாண்டி இறங்கிப் போகிற தூரம். மலையகப் பையன் ஒருவன் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய ஒரு முதல்தர அணி. பட்டம் வென்ற புளூ ஸ்டார் 2022இல் ஆசியக் கழகப் போட்டியில் நேபாளத்தின் மச்சிந்திராவை வென்றது, மோகன் பகானிடம் 0–5 தோற்றது. அது நல்ல பாடம். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் போய்ப் படித்திருக்க வேண்டிய பாடம். ஆனால் சூப்பர் லீக் வருஷா வருஷம் நடக்கும் வழக்கமாக வேரூன்றவில்லை.

இடையில் நிர்வாகம். 2023 ஜனவரியில் சம்மேளனத் தலைவர் தேர்தல் நடந்தது. வென்றவர் ஜெ. ஸ்ரீரங்கா, 2010இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போனவர் என்பதால் இங்கே எல்லோருக்கும் தெரிந்த முகம். தேர்தல் முறையில் வெளியார் தலையீடு என்று சொல்லி, ஜனவரி 21ஆம் திகதி பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. அதனால் 2023இல் பெங்களூரில் நடந்த சாஃப் போட்டியில் நம் அணி இல்லை. யார் பக்கம் நியாயம் என்பதை வேறொரு கட்டுரைக்கு விடுகிறேன். ஒரு தலைமுறை வீரர்களின் ஒரு வருஷம் கடதாசிச் சண்டையில் போனது என்பதே இங்கே எனக்கு வேண்டிய செய்தி. பயிற்றுநர்களும் நிலைக்கவில்லை: பக்கீர் அலி, அமிர் அலகிச், அன்டி மொரிசன், கீத் ஸ்டீவன்ஸ், இப்போது அல்முதைரி. புதுப் பயிற்றுநர் வரும்போதெல்லாம் "புனரமைப்பு" முதலாம் படியிலிருந்து தொடங்குகிறது.

இனி வட்டகொடையிலிருந்து பார்ப்போம். இங்கே பதினான்கு வயதில் கால் நன்றாகப் பேசும் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டத்திலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். 4,000 அடிக்கு மேலே மூச்சு வாங்காமல் ஓடிப் பழகியவன். அவன் போகவேண்டிய பாதை எது? தட்டையான நிலம் கிடைத்த இடத்தில் தொழிற்சாலையும் லயமும் எழும்பிய மலை இது. பல பாடசாலைகளுக்கு முழு அளவு மைதானம் கிடையாது. தோட்ட மைதானம் கம்பனியின் நிலம், துரையின் அனுமதி வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை மழை. ஹட்டன் டன்பார் மைதானத்துக்குப் போனால் ஒரு சுற்றுப்போட்டி கிடைக்கும். அதற்கு மேல் போக கம்பளை, நாவலப்பிட்டி போன்ற பந்து தெரிந்த ஊர்களின் பாடசாலையில் சேர வேண்டும், அல்லது ராணுவம், கடற்படை, பொலிஸ் என்று சம்பளம் தரும் அணியொன்றில் நுழைய வேண்டும். கடைசி வழி எங்கள் பையன்களுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அவன் புறக்கோட்டைக் கடைக்குப் போகிறான். அங்கிருந்து ஒரு மாலை ரேஸ்கோர்ஸுக்கு டிக்கெட் எடுத்துப் போய், சுவீடனில் வளர்ந்த ஆதவனுக்குக் கை தட்டுகிறான். கைதட்டல் உண்மையானது. பதினான்கு வயதில் அவனுக்கு ஆதவனுக்குக் கிடைத்த மாதிரிப் பயிற்றுநர் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

"அணி ஜெயித்தால் காசு வரும், காசு வந்தால் மைதானம் வரும்" என்பது தம்பிமாரின் கடைசி வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1995இல் அணி ஜெயித்தது, 2006இல் இறுதிவரை போனது, மைதானம் வரவில்லை. வெற்றி தானாக எதையும் கட்டாது. சில வேளை நேர்மாறாகவும் நடக்கும்: வெளியிலிருந்து ஆறுமாதத்தில் கிடைக்கும் முடிவைக் காட்டித் தப்பிக்க முடியும்போது, பத்து வருஷம் எடுக்கும் வேலைக்கு நிர்வாகத்தில் யார் முந்திக்கொள்வார்கள்? ரசிகனின் பொறுமை குறைவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவன் திருப்தி அவ்வளவு மலிவாகக் கிடைத்துவிடுவதுதான் கவலை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரசிகனின் சாஃப் கனவை அது நேராகவே அடிக்கிறது. பீஃபா ஒதுக்கும் நாட்களில் மட்டும்தான் வெளிநாட்டுக் கழகங்கள் வீரர்களை விட்டாக வேண்டும். அந்த நாட்கள் பொதுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல். சாஃப் போட்டி இரண்டு வாரம் போகும்: 2021இல் ஒக்டோபர் 1 முதல் 16 வரை, 2023இல் ஜூன் 21 முதல் ஜூலை 4 வரை. கழகம் "அனுப்ப முடியாது" என்று சொன்னால் கதை முடிந்தது. ஆசியத் தகுதிச் சுற்றில் நம்மைத் தூக்கி நிறுத்திய அதே ஆட்கள், நாம் ஜெயிக்கக்கூடிய ஒரே கிண்ணத்துக்கு வராமல் போகலாம். அன்று ஆடப்போவது உள்ளூர் வீரர்கள். லீக் இல்லாமல் வருஷத்தில் பாதி சும்மா இருக்கும் வீரர்கள். பங்களாதேஷுக்கும் வெளிநாட்டில் ஆடும் ஹம்சா சௌத்ரி விஷயத்தில் இதே தலைவலி வரலாம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் தொடர்ந்து ஆடும் ஒரு உள்ளூர் லீக் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது, இரண்டும் சம எடையல்ல. இந்த அணி முந்திய அணிகளைவிட நல்லது என்ற நம்பிக்கை நியாயமானது. துருக்மெனிஸ்தான் கணக்கு அதற்குப் போதும். நாட்டின் உதைபந்தாட்டம் எழுகிறது என்ற நம்பிக்கைக்கு இன்றுவரை சான்றில்லை. கிடைக்கும் சான்று எதிர்த்திசையில் நிற்கிறது. முதலாவதை இரண்டாவதற்கு ஈடாக எடுத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. மூன்று வருஷம் இடைவிடாமல் ஒரு லீக் நடந்து, அதில் மலையகத்திலிருந்து ஓர் அணி ஆடினால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன். தாய்லாந்தை வென்றால்கூட அதற்காக மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சாஃப் பற்றிக் கேட்டால், என் கணிப்பு அரையிறுதி. கிண்ணம் என்று அடித்துச் சொல்கிற தம்பிமார், பட்டியல் வெளிவந்ததும் ஒரு வேலை செய்யட்டும்: அதிலிருப்பவர்களில் எத்தனை பேர் அந்த வருஷம் இலங்கையில் முழு லீக் ஒன்று ஆடினார்கள் என்று எண்ணிச் சொல்லட்டும். பாதிக்கு மேல் வந்தால் இறுதியாட்டத்துக்கு என் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடலாம்.